பெருஞ்சுவரும் பெயர்ப் பட்டியலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டிச் சிறுவர்க்கு நடத்தப்பெற்ற பொது அறிவுப் போட்டிக்கு வினாக்களைத் தொகுக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்குத் தொகுத்தல் பழகிய தொழில்தான். ஐம்பது வினாக்களை எழுதி, எதிரே விடைகளையும் எழுதிக் கோப்பாகக் கட்டிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்று, 'சீனப் பெருஞ்சுவரைக் கட்டியவர் யார்?' என்பது. 'பேரரசர் சின் ஷி ஹுவாங்' என்பது நான் எழுதிவைத்த விடை. பள்ளியில் நான் படித்ததும் அதுவே.

போட்டியன்று ஒரு சிறுவன் அந்த விடையைக் கூறி மதிப்பெண் பெற்றான். அடுத்த வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "அவர் ஒருத்தரேவா கட்டினார், மாமா?" என்று கேட்டாள். அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். "ஆட்களை வைத்துத்தான் கட்டினார், உட்காரம்மா" என்றேன். அவள் உட்காரவில்லை. "அந்த ஆட்கள் பேரெல்லாம் எங்கே எழுதியிருக்கு?" என்றாள். அதற்குள் அடுத்த வினாவுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கிற்று, அந்த வினா என்னுள் அடங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். எப்படியாயினும், விடை தெரியாத வினா ஒன்றை ஒரு குழந்தை கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் அமர்ந்து, கிடைத்த நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். நான் வரலாற்று ஆராய்ச்சியாளன் அல்லன்; பி.ஏ. படித்து எழுத்தரானவன். ஆதலின் இங்கே சொல்லப் போவன யாவும் அறிஞர் பிறர் கண்டவை. அவற்றைக் கோத்தது மட்டுமே என் வேலை.

முதலில் நான் அறிந்துகொண்டது, நான் எழுதிவைத்த விடை பிழை என்பதே. நாட்காட்டிகளிலும் பாட நூல்களிலும் நாம் காணும், மலை முகடுகளின்மேல் செங்கல்லும் கருங்கல்லுமாய் வளைந்து செல்லும் அச்சுவர் ஷி ஹுவாங் கட்டியதன்று. அது மிங் மரபினர் ஆண்ட காலத்தது. அவர்கள் ஆட்சி 1368 முதல் 1644 வரை நடந்தது. ஷி ஹுவாங் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்ததோ கி.மு. 221இல். இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. சீன அரசு நடத்திய அளவாய்வு மிங் சுவரின் நீளம் ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர் என்று 2009இல் கூறியது. எல்லா மரபினரும் எழுப்பிய சுவர்களையும் அகழிகளையும் கூட்டினால் 21,196 கிலோமீட்டர் என்று 2012இல் அறிவித்தனர். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப் பாதை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். நம்மவர் ஒருவர் ஐந்து முறை ஊருக்குப் போய்த் திரும்பும் தொலைவு அது. ஆனால் அத்தனையும் ஒரே சுவர் அன்று. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அரசர், வெவ்வேறு பகைவரை எண்ணிக் கட்டிய பல சுவர்கள். அவற்றுக்கு நாம்தான் ஒரே பெயரைச் சூட்டி ஒரே சுவராக்கிவிட்டோம்.

அப்படியாயின் அதன் தொடக்கம் எது?

சீனர்க்கு மண் சுவர் எழுப்புதல் மிகப் பழைய தொழில். இரு புறமும் பலகைகளை நிறுத்தி, நடுவே மண்ணைக் கொட்டி, கட்டைகளால் இடித்து இறுக்குவார்கள். ஓர் அடுக்கு இறுகியபின் அதன்மேல் அடுத்த அடுக்கு. பின்னர்ப் பலகைகளை மேலேற்றிக் கட்டுவார்கள். இவ்வாறு இடித்த மண் கல்லைப் போல் நிற்கும். ஷாங் மரபினர் காலத்தில், இன்றைக்கு 3,500 ஆண்டுகளுக்கு முன், ஜெங்ஜோ என்னுமிடத்தில் ஏழு கிலோமீட்டர்ச் சுற்றளவில் எழுப்பிய நகர்மதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. சீன மொழியில் 'செங்' என்னும் ஒரே சொல் மதிலையும் குறிக்கும்; நகரையும் குறிக்கும். மதில் இல்லாத நகரை அவர்கள் நகரென்று எண்ணவில்லை போலும். பெருஞ்சுவருக்கு அவர்கள் இட்ட பெயர் 'சாங்செங்'. 'நீண்ட மதில்' என்பதே அதன் பொருள்.

ஊரைச் சுற்றி வளைந்த மதில் நாட்டின் எல்லையில் நீண்டது, சீனம் பல நாடுகளாய்ப் பிரிந்து போரிட்ட காலத்தில்தான். கி.மு. 656இல் வடநாட்டுப் படைகள் தெற்கே சூ நாட்டின்மேல் திரண்டு வந்தபோது, பாங்செங் தமக்கு மதில், ஹான் ஆறு தமக்கு அகழி என்று சூ நாட்டுத் தூதன் செம்மாந்து விடையிறுத்ததாகப் பழைய வரலாற்று நூல் கூறும். அது கட்டிய சுவரா, மலைத்தொடரா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். சீ நாட்டுச் சுவரைப் பற்றியோ ஐயமில்லை. தாய் மலையை ஒட்டிக் கீழ்க்கடல் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் சென்ற அச்சுவரின் எச்சங்கள் இன்றும் ஷாண்டோங் மாநிலத்தில் உள்ளன. சிங்ஹுவா பல்கலைக்கழகம் பெற்று 2011இல் வெளியிட்ட பழைய மூங்கில் நறுக்குகளில், கி.மு. 441ஐ ஒட்டிச் சீ நாட்டார் நீண்ட மதில் எழுப்பத் தொடங்கிய செய்தி காணப்படுகிறது.

இச்சுவர் யாருக்கு எதிராக எழுந்தது? குதிரையேறி வந்த வடபுலத்து நாடோடிகளுக்கு எதிராகவா? இல்லை. அண்டையில் இருந்த சீன நாடுகளுக்கு எதிராக. ஒரே எழுத்தை எழுதி, ஒரே முன்னோரை வணங்கிய மக்கள் ஒருவரையொருவர் தடுக்க எழுப்பிய சுவர் அது. அவ்வாறே வெய் நாட்டார் கி.மு. நான்காம் நூற்றாண்டில் சின் நாட்டாரைத் தடுக்கச் சுவர் எழுப்பினர். பின்னாளில் சீன ஒற்றுமையின் சின்னமாகப் போற்றப்பட்ட பெருஞ்சுவரின் பிறப்பு, உடன்பிறந்தார் பூசலில் நிகழ்ந்தது.

வடக்கே எழுந்த சுவர்களின் கதை வேறு. சின், ஜாவ், யென் என்னும் மூன்று நாடுகளும் வடக்கே மேய்ச்சல் நிலத்து மக்களோடு எல்லை கொண்டிருந்தன. சின் நாட்டின் அண்டையில் யிச்சு என்னும் மக்கள் வாழ்ந்தனர். சின் அரசனின் தாய் அம்மக்களின் மன்னனோடு உறவு பூண்டு இரு மக்களைப் பெற்றாள். பின் அவனையே தன் அரண்மனையில் வஞ்சித்துக் கொன்றாள். உடனே சின் படைகள் புகுந்து யிச்சு நாட்டைக் கைப்பற்றின. அதன்பின் அங்கே சுவர் எழுந்தது. இது கி.மு. 272ஐ ஒட்டி நடந்தது. ஜாவ் நாட்டு மன்னன் வூலிங் கி.மு. 307இல் தன் வீரர்களை நீண்ட அங்கியைக் களைந்து, நாடோடிகளைப் போல் காற்சட்டை அணிந்து, குதிரைமேலிருந்து வில் எய்யப் பழகுமாறு ஆணையிட்டான். அவர்களிடம் கற்ற கலையாலேயே அவர்களை வென்று, இன்மலை அடிவாரம் வரை நிலத்தைக் கவர்ந்து சுவர் எழுப்பினான். யென் நாட்டுத் தளபதி ஒருவன் இளமையில் வடபுலத்தாரிடம் பிணையாளாக இருந்து அவர்தம் நம்பிக்கையைப் பெற்றவன். நாடு திரும்பியதும் அவர்கள்மேலேயே படையெடுத்து, அவர்களை ஆயிரம் 'லி' தொலைவு துரத்தினான். அங்கும் சுவர் எழுந்தது.

மூன்று கதைகளிலும் நிகழ்ச்சிகளின் வரிசை ஒன்றே. முதலில் நிலம் கொள்ளப்பட்டது. பிறகே சுவர் வந்தது. 2002இல் வெளிவந்த ஒரு நூலில் நிக்கோலா டி காஸ்மோ என்னும் வரலாற்றறிஞர் இதனை விரிவாக எடுத்துரைத்தார். அவ்வடசுவர்கள் உழவர்களின் வயலோரத்தில் நிற்கவில்லை. மேய்ச்சல் நிலத்தின் நடுவே நிற்கின்றன. தன் வீட்டைக் காக்க எழுப்பிய சுவர் என்று நாம் நெடுங்காலமாக எண்ணியது, பிறர் நிலத்தில் தன் உரிமையை ஊன்ற எழுப்பிய வேலி என்று அவர் கருதினார். சுவரை நோக்கி வினவும்போது, 'யாரைத் தடுக்க?' என்பதோடு, 'யாருடைய நிலத்தில்?' என்றும் வினவ வேண்டும் என்பதை அந்நூற்கருத்திலிருந்து கற்றேன்.

ஷி ஹுவாங் இதனுள் எங்கே வருகிறார்? கி.மு. 215இல் அவர் தம் தளபதி மெங் தியெனை மூன்று லட்சம் வீரரோடு வடக்கே அனுப்பினார். மஞ்சளாற்றின் பெருவளைவுக்கு உட்பட்ட ஓர்தோஸ் நிலத்தைச் சியுங்நு மக்களிடமிருந்து கைப்பற்றிய மெங் தியென், மூன்று நாடுகளும் முன்பே எழுப்பிய வடசுவர்களைச் செப்பனிட்டு, இடைவெளிகளில் புதுச் சுவர் எழுப்பி இணைத்தான். மேற்கே லின்தாவ் முதல் கிழக்கே லியாவ்தொங் வரை பத்தாயிரம் லிக்கு மேல் அது நீண்டது என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதினார். அன்றைய லி அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவன்றியும், பத்தாயிரம் என்பது சீனர் வழக்கில் 'எண்ணற்றது' என்றும் பொருள்படும். ஆக, ஷி ஹுவாங் ஒட்டுப்போட்டவர், தொடங்கியவர் அல்லர். நம் சங்கத்துச் சிறுவன் பெற்ற மதிப்பெண், என் பிழையால் பெற்றது.

சிமா சியென் அச்சுவரைப் பற்றி எழுதியது சில வரிகளே. ஆயினும் அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர் அல்லர். வடக்கே சென்று அக்கோட்டைகளையும் சுவரையும் கண்ணாற் கண்டவர். கி.மு. 210இல் ஷி ஹுவாங் இறந்ததும், பொய்யாணை ஒன்றினால் மெங் தியென் நஞ்சுண்டு மாள நேர்ந்தது. இத்தனை தொலைவு சுவர் எழுப்பியதில் பூமியின் நாடிகளை அறுத்துவிட்டேன், அதுவே என் குற்றம் என்று அவன் இறுதியில் நொந்ததாகச் சொல்வர். சிமா சியென் அதனை ஏற்கவில்லை. பூமியின் நாடிக்கு என்ன? மக்களின் உழைப்பை மலிவாக எண்ணினானே, போரால் நொந்த குடிகளுக்கு இரங்கி அரசனைத் தடுக்கவில்லையே, அதுவன்றோ குற்றம் என்று தீர்ப்புரைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய அத்தீர்ப்பைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் இருந்தேன்.

அந்த மக்கள் யார்? வீரர்கள், முறைவேலைக்குப் பிடித்து வரப்பட்ட குடியானவர்கள், குற்றவாளிகள். சின் நாட்டுச் சட்டத்தில் கடுந்தண்டனை ஒன்றுக்குப் பெயரே 'செங்தான்'. மதில் வேலைக்கு அனுப்பப்படுதல் என்பது அதன் கருத்து. கி.மு. 213இல் நூல்களை எரிக்க ஆணை பிறந்தபோது, முப்பது நாளுக்குள் எரிக்காதவனுக்கு முகத்தில் பச்சை குத்தி இத்தண்டனை அளிக்க வேண்டுமென்று விதித்தனர். அதே ஆண்டில், வழக்குகளில் நேர்மை தவறிய அலுவலர்களும் சுவர் கட்ட அனுப்பப்பட்டனர். அலுவலகப் பிழைக்குச் சுவர் வேலை! எழுத்தனாகிய எனக்கு அவ்வரி சுருக்கென்று தைத்தது.

அவ்வலுவலர்களுள் ஒருவனை நாம் இன்று நன்கு அறிவோம். 1975இல் ஹூபெய் மாநிலத்தில் ஷுயிஹுதி என்னும் இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தனர். உள்ளே கிடந்தவன் பெயர் ஷீ. 'மகிழ்ச்சி' என்பது அதன் பொருள். சின் ஆட்சியில் ஒரு சிற்றூர்ப் பகுதியில் எழுத்தராக இருந்தவன். கி.மு. 262இல் பிறந்து, 217ஐ ஒட்டி, நாற்பத்தைந்து அகவையில் இறந்தவன். இன்று எனக்கும் ஏறத்தாழ அதே அகவை. அவனோடு ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மூங்கில் நறுக்குகளைப் புதைத்திருந்தனர். அவற்றுள் பெரும்பகுதி சட்டமும் விதியும் வழக்குக் குறிப்பும். முறைவேலைக்கு வந்தவர்கள் எழுப்பிய மதில் ஓராண்டுக்குள் இடிந்தால், மேற்பார்த்த அலுவலன் குற்றவாளி. அதே ஆட்கள் மீண்டும் கட்ட வேண்டும். அந்நாட்கள் முறைவேலைக் கணக்கில் சேரா. மதில் வேலைக் கைதிக்குக் காலையில் அரைத் 'தோ' தானியம், மாலையில் மூன்றிலொரு பங்கு. கணக்கில் பிழைத்த அலுவலனுக்கு இத்தனை கேடயம் தண்டம். எவ்வளவு ஒழுங்கு! பெருஞ்சுவர்ப் பணி தொடங்கு முன்னரே ஷீ இறந்துவிட்டான். ஆயினும் அப்பணியை நடத்தியவர்கள் அவனையொத்த எழுத்தர்களே. ஆளை எண்ணாமல் தானியம் அளக்க இயலாது. பெயர் எழுதாமல் ஆளை எண்ண இயலாது. ஆகவே அச்சிறுமிக்கு விடை உண்டு. பெயர்கள் எழுதப்பட்டிருக்கத்தான் வேண்டும். எழுதிய மூங்கில் மக்கிவிட்டது.

இனி நான் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் அலுவலகத்தில், மலைப்பாதை வேலைக்கு அமர்த்தப்பட்ட தினக்கூலியாட்களின் மஸ்டர் ரோல்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒரு மாதப் பட்டியலில் ஒருவனின் பெயர் முந்தைய மாதத்ததினின்றும் ஓரெழுத்து மாறியிருந்தது. 'பெயர் ஒப்பவில்லை, விளக்கம் வேண்டப்படுகிறது' என்று எழுதித் திருப்பினேன். விதி அதுதான். கோப்பு மலையேறி இறங்க எட்டு மாதம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அதனுள் இரு தாள்கள் இருந்தன. அவன் நிலச்சரிவில் புதையுண்டான், உடல் கிடைக்கவில்லை என்பது ஒன்று. நிலுவைக் கூலியை வேண்டி அவன் மனைவி பெருவிரல் உருட்டிய விண்ணப்பம் மற்றொன்று. அவ்விண்ணப்பத்தை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்; அதில் அவன் பெயர் மூன்றாவது விதமாக இருந்தது. நான் என்ன செய்தேன்? 'பெயர் ஒப்பவில்லை' என்றே மீண்டும் எழுதினேன். மேலதிகாரியிடம் எடுத்துச் சென்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த மாதம் எனக்கு மாற்றல் வந்தது. அந்தக் கோப்பு என்னவாயிற்று என்று நான் கேட்டதே இல்லை.

சீனத்தில் வழங்கும் மெங் ஜியாங் என்னும் பெண்ணின் கதை அன்பர்கள் சிலர்க்குத் தெரிந்திருக்கும். சுவர் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட கணவனுக்குக் குளிராடை எடுத்துக்கொண்டு நெடுவழி நடந்து வருகிறாள். அவன் மாண்டு சுவருக்குள் புதைந்தான் என்று அறிந்து அழுகிறாள். சுவர் இடிந்து விழுகிறது. குவியலாய்க் கிடக்கும் எலும்புகளுள் கணவனுடையது எது? விரலைக் கடித்துக் குருதியைச் சொட்டி, குருதியை ஏற்ற எலும்பை அவனுடையதென்று கண்டுகொள்கிறாள். கு ஜியேகாங் என்னும் அறிஞர் 1924இல் இக்கதையின் வேரைத் தேடிச் சென்றார். கி.மு. 550இல் சீ நாட்டில் போரில் மாண்ட ஒரு வீரனின் மனைவி, வழியிடையே அரசன் கூறிய இரங்கலை ஏற்க மறுத்தாள் என்னும் சிறு குறிப்பே அதன் தொடக்கம். அதில் அழுகையும் இல்லை. இடிந்த சுவரும் இல்லை. ஷி ஹுவாங்கும் இல்லை. நூற்றாண்டுதோறும் மக்கள் சிறிது சிறிதாகச் சேர்த்து, தாங் மரபினர் காலத்தில் அதனைப் பெருஞ்சுவரின் கதையாக்கினர். சுவரைப் போலவே கதையும் துண்டு துண்டாய்க் கட்டப்பட்டதே. ஆயினும் அதில் ஒன்றை மக்கள் மறக்கவில்லை. பெயர்ப் பட்டியல் கைவிட்ட இடத்தில் ஒரு பெண் தன் விரலைக் கொண்டு வருகிறாள்.

மக்காத பட்டியல்களும் உண்டு. ஷி ஹுவாங்குக்குப் பின் வந்த ஹான் மரபினர் மேற்கே பாலைவனத்துள் சுவரை நீட்டினர். அங்கே இடிக்க நல்ல மண் இல்லாமையால் நாணலையும் புதரையும் ஓரடுக்கு, சரளையை ஓரடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கினர். 1907இல் துன்ஹுவாங் அருகே அச்சுவரோரம் நடந்த அவ்ரல் ஸ்டைன், காவற் கோபுரங்களின் குப்பை மேடுகளிலிருந்து எழுத்துள்ள மர நறுக்குகளை எடுத்தார். தம் மத்திய ஆசியப் பயணங்களில் அவர் திரட்டியவற்றுள் ஒரு பகுதி நம் தில்லியின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1930இல் ஜூயென் என்னுமிடத்தில் சுவீடன் நாட்டவரான ஃபோல்கே பெர்க்மன் ஏறத்தாழ பத்தாயிரம் நறுக்குகளைக் கண்டார். 1972 முதல் 1974 வரை மேலும் இருபதாயிரம் கிடைத்தன. வறண்ட மணல் அவற்றைக் காத்திருந்தது. காவல் வீரனின் பெயர், அவன் மாவட்டம், ஊர், அகவை, அவனுக்கு அளந்த தானியம், அவன் மனைவி மக்களுக்கு அளந்த தானியம், நோயுற்ற நாட்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. நான் சரிபார்த்த மஸ்டர் ரோல்களுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு பெரிதாக இல்லை. வேந்தர்களின் புகழுரையைவிட, ஓர் எழுத்தன் ஒழுங்காகக் குறித்த ஒரு வரி ஒரு மனிதனை இரண்டாயிரம் ஆண்டு நிற்கவைத்திருக்கிறது. அதே கையால் எழுதிய ஒரு வரி ஒருவனை இல்லாதவனாக்கவும் வல்லது.

இவ்வாண்டுப் போட்டிக்கும் வினா தொகுக்கும் பணி எனக்கே வந்தது. 'சீனப் பெருஞ்சுவர் ஒரு சுவரா, பல சுவர்களா?' என்று வினாவை மாற்றிவிட்டேன். அச்சிறுமியைச் சங்கத்தில் கண்டபோது, "பேரெல்லாம் எழுதித்தான் வைத்திருந்தார்கள் அம்மா, பல தொலைந்துபோயின, சில கிடைத்திருக்கின்றன" என்றேன். "தேடினா இன்னும் கிடைக்குமா, மாமா?" என்றாள். கிடைக்கும் என்றேன்.

அன்றிரவு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோப்பின் எண் நினைவில் இல்லை. மாதமும் ஆண்டும், அந்தப் பெயரின் மூன்று வடிவங்களும் நினைவில் இருந்தன. மூன்றையும் எழுதி, மூன்றும் ஒருவனே என்று குறித்து, அவன் மனைவிக்குக் கூலி வழங்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறேன். பழைய கோப்புகள் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படும் என்னும் விதியை நான் அறியாதவன் அல்லன். விடை இன்னும் வரவில்லை.